நாக்கில் ரப்பர், ரோட்டில் குழி

ரப்பர் விலை கிலோ 150 ரூபாய்க்குக் கீழே இறங்கினால் நம் நாட்டில் ஓர் அதிசயம் நடக்கும். அதுவரை ரப்பர் என்றால் பென்சில் எழுத்தை அழிக்கிற சாமான் என்று நினைத்திருந்த தலைவர்களுக்கெல்லாம் ஒரே இரவில் பொறியியல் ஞானம் பிறந்துவிடும். தாரில் ரப்பரைக் கலந்து சாலை போடப் போகிறோம், சாலையும் உழைக்கும், விவசாயியும் பிழைப்பான் என்று மேடையில் முழங்குவார்கள். கைதட்டல் விழும். மறுநாள் பேப்பரில் நாலு பத்தி வரும். பிறகு விலை கொஞ்சம் ஏறும். ஞானம் மறைந்துவிடும். மறுபடி விலை இறங்கும். மறுபடி ஞானம்.

இந்த அறிவிப்புக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. காலணா செலவில்லை. கடன் தள்ளுபடி என்றால் நிதித்துறை முகம் சுளிக்கும். இறக்குமதி வரியை உயர்த்துகிறேன் என்றால் டயர் முதலாளிகள் டெல்லிக்கு விமானம் ஏறிவிடுவார்கள். ரப்பர் சாலைக்கு ஒரு மைக் போதும். மைக்கும் வாடகை மைக்.

யோசனை கிறுக்குத்தனமாக இருந்தால் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். நல்ல யோசனை. அதனால்தான் வயிறு எரிகிறது.

இயற்கை ரப்பர் கலந்த தார் கோடை வெயிலில் சீக்கிரம் இளகாது. லாரிச் சக்கரம் பதிந்து தடம் விழுவது குறையும். வெடிப்பு தள்ளிப்போகும். கலக்க வேண்டியது தாரின் எடையில் இரண்டிலிருந்து நாலு சதவீதம்தான். சூடு அளவு மீறினால் ரப்பர் கெட்டுவிடும். அதைக் கவனிக்க ஒரு தெர்மாமீட்டரும் ஒரு பொறுப்பான ஆளும் வேண்டும். தெர்மாமீட்டர் கடையில் கிடைக்கும்.

ஆராய்ச்சி நடக்க வேண்டாமா என்று கேட்பார்கள். நடந்து முடிந்து, அச்சாகி, பைண்டிங்கும் போட்டாகிவிட்டது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்று ஒன்று இருக்கிறது. கட்சி இல்லை, பயப்படாதீர்கள்; 1934-இல் தொடங்கிய பொறியாளர் அமைப்பு. அது இப்படிப் பக்குவப்படுத்திய தாருக்கான வழிகாட்டியை எஸ்.பி. 53 என்ற எண்ணில் 1999-இலேயே வெளியிட்டுவிட்டது. 2004-இல் ஐ.எஸ். 15462 என்று தர விதியும் வந்தது. இயற்கை ரப்பர் கலந்த தாருக்கு அதில் தனி இடம் கொடுத்தார்கள். இருபது வருஷத்துக்கு மேலாகப் புத்தகம் அலமாரியில் இருக்கிறது. நன்றாக உழைக்கிறது. இன்னும் ஒரு குழி விழவில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரசாங்கத்துக்குக் கணக்கு வராது. நமக்கு வரும், மளிகைக் கடையில் பழக்கம். ஏழு மீட்டர் அகலச் சாலை. 40 மில்லிமீட்டர் கனத்துக்கு மேல்பூச்சு. ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 670 டன் கலவை பிடிக்கும். அதில் தார் மட்டும் சுமார் 37 டன். மூன்று சதவீதம் ரப்பர் என்றால் 1,100 கிலோ. கிலோ 200 ரூபாய்க்கே வாங்கினாலும் இரண்டு லட்சத்துச் சொச்சம். அந்த ஒரு கிலோமீட்டரைத் திறந்துவைக்கப் பந்தல், பிளெக்ஸ், மாலை, பொன்னாடை, வரவேற்பு வளைவு என்று ஆகிற செலவை யாரும் இவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் பார்ப்பதில்லை.

இன்னொரு பக்கம் பாருங்கள். ஓர் ஏக்கர் ரப்பர் தோட்டம் வருஷத்துக்குச் சுமார் 600 கிலோ தரும். அதாவது ஒரு கிலோமீட்டர் சாலை என்பது இரண்டு ஏக்கர்காரன் ஒருவனின் ஒரு வருஷத்து உழைப்பு. நாடு முழுக்க ஆண்டுக்கு ஏறத்தாழ 80 லட்சம் டன் தார் செலவாகிறது. எல்லாவற்றிலும் ரப்பர் கலக்க வேண்டாம். பாதியில் கலந்தாலே 1.2 லட்சம் டன் ரப்பர் போய்விடும். இந்தியாவின் மொத்த விளைச்சலே ஆண்டுக்குச் சுமார் எட்டரை லட்சம் டன். ஏழில் ஒரு பங்கைச் சாலையே தின்றுவிடும். இது விவசாயியைக் கோடீஸ்வரனாக்காது. ஆனால் விலை விழும்போது கீழே ஒரு பாய் விரித்து வைத்தது போலிருக்கும். இப்போது விழுவது பாறையில்.

விழுகிறவன் யார் என்று தெரிய வேண்டுமானால் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், திருவட்டாறு, அருமனைப் பக்கம் விடியுமுன் போய் நிற்க வேண்டும். ஊர் தூங்கும்போது தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் ஆள் இறங்கியிருப்பான். வெயில் ஏறினால் பால் சுரப்பது குறையும். அதனால் இருட்டிலேயே வெட்டு. பட்டையில் சாய்வாக ஒரு சீவல். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரம் காயப்படும், மேலோட்டமாகப் போனால் பால் வராது. சொட்டுச் சொட்டாகச் சிரட்டையில் விழுவதை வாளியில் சேர்த்து, தட்டில் ஊற்றி, ஆசிட் விட்டு உறைய வைத்து, உருளையில் கொடுத்துத் தட்டையாக்கி, காயவைத்து, புகை போட்டால்தான் அது ஷீட். சிரட்டையிலும் பட்டையிலும் உறைந்து ஒட்டிக்கொள்வது ஒட்டுப்பால். அதற்கு விலை குறைவு.

ஷீட்டைச் சுமந்து கடைக்குப் போனால் வியாபாரி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். ஒரு புள்ளி, ஒரு குமிழி, ஓர் ஈரக்கறை. எக்ஸ்ரே படத்தைப் பார்க்கிற டாக்டர்கூட அவ்வளவு வருத்தமாக முகத்தை வைத்துக்கொள்ள மாட்டார்.

"அண்ணே, பேப்பர்ல கூடுதல் போட்டிருந்தானே?"

"அது கோட்டயத்து வெலையில்லா மக்கா. நம்ம கடை வெலை வேற."

அத்தோடு பேரம் முடிந்தது. விளைவித்தவன் விலை சொல்ல முடியாத பொருள்கள் இந்த நாட்டில் எத்தனையோ. ரப்பர் அதிலும் ஒரு படி மேல். விளைவித்தவனே இதில் விவசாயி இல்லை.

ஆமாம். ரப்பர் வாரியம் வேளாண் அமைச்சகத்தின் கீழ் வராது. வணிக, தொழில் அமைச்சகத்தின் கீழ் வரும். 1947-இல் வந்த ரப்பர் சட்டம் தொட்டு இதுதான் ஏற்பாடு. ரப்பர் ஒரு தொழில் மூலப்பொருளாம். நெல் பயிரிட்டால் விவசாயி. அதே மண்ணில், அதே மழையில், அதே அட்டைக்கடியில் ரப்பர் வைத்தால் மூலப்பொருள் வழங்குநர். இது வெறும் பெயர்ச் சிக்கல் என்று நினைத்துவிடாதீர்கள். வேளாண் விளைபொருளுக்கு உலக வர்த்தகப் பேச்சில் கிடைக்கிற கூடுதல் வரி வேலி, ஷீட் ரப்பருக்கு இல்லை. 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், எது குறைவோ அதுதான் இறக்குமதி வரி. எது குறைவோ அது! தகப்பன் சொத்தைப் பாகம் பிரிக்கிற பெரிய அண்ணன்கூட இவ்வளவு நாசூக்காக எழுத மாட்டான்.

இந்த வேலியிலும் ஓட்டை போட்டார்கள். இயற்கை ரப்பரில் கொஞ்சம் ரசாயனத்தைச் சேர்த்து, கலவை ரப்பர் என்று பெயர் மாற்றிக் கொண்டுவந்தால் வரி 10 சதவீதம்தான். பெயரை மாற்றினால் வரி குறையும் என்றால் யார்தான் மாற்ற மாட்டார்கள்? வருஷக்கணக்கில் விவசாயிகள் கத்தினார்கள். 2023 பட்ஜெட்டில்தான் அந்த வரியை உயர்த்தினார்கள். ஆசியான் நாடுகளிலிருந்து வருவதற்கு ஒப்பந்தச் சலுகை தனி. ஆண்டுக்குச் சுமார் ஐந்து லட்சம் டன் இயற்கை ரப்பர் கப்பலில் வந்து இறங்குகிறது. தேவைக்கு உற்பத்தி போதவில்லை, அதனால் இறக்குமதி என்கிறார்கள். சரி. தட்டுப்பாடான சரக்குக்கு விலை ஏற வேண்டும் என்பது சந்தையின் பாலபாடம். தட்டுப்பாடும் உண்டு, விலையும் இல்லை என்பது எந்தப் பாடம்? வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவனைக் கேட்டிருக்கிறோம். நெய் இறக்குமதிக்கு வரி குறைத்துவிட்டு, வெண்ணெய்க்காரனுக்கு ஆறுதல் சொல்ல வருகிறவர்களை இப்போதுதான் பார்க்கிறோம்.

டயர்க்காரர்கள் கதையும் கொஞ்சம். ஐந்து பெரிய டயர் நிறுவனங்களும் அவர்களுடைய சங்கமும் கூடிப் பேசி டயர் விலையை வைத்துக்கொண்டார்கள் என்று இந்தியப் போட்டி ஆணையம் 1,788 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உத்தரவு எழுதியது 2018-இல். வழக்கு முட்டுக்கட்டைகளால் வெளியே வந்தது 2022-இல். அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மறுபடி விசாரியுங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டது. விவசாயி ஷீட்டில் ஒரு குமிழி இருந்தால் அந்த இடத்திலேயே தீர்ப்பு, அந்த இடத்திலேயே அபராதம். மறு விசாரணை எல்லாம் கிடையாது.

விலை வரலாறு இரண்டு வரியில் அடங்கும். 2011 ஏப்ரலில் கிலோ 240 ரூபாய். 2016 பிப்ரவரியில் 100 ரூபாய்க்கும் கீழே. ஐந்து வருஷத்தில் பாதிக்கும் குறைவு. அதே ஐந்து வருஷத்தில் டயர் விலை பாதியானதாக யாருக்காவது நினைவிருக்கிறதா? ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் யோசித்துப் பாருங்கள். பிறகு 2024 ஆகஸ்டில் 2011 சாதனையை முறியடித்து விலை எகிறியது. கொண்டாட்டம்தானே என்கிறீர்களா? ஏறியது மழைக்காலத்தில். அடைமழையில் வெட்டு கிடையாது. மரத்தில் பால் இருந்தது, கடையில் விலை இருந்தது, இடையில் மழை இருந்தது. வானம் வெளுத்து ஆள் கத்தியைத் தீட்டுவதற்குள் விலை இறங்கிவிட்டது.

எல்லையிலிருக்கும் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் அரசியல் இன்னும் சுவாரசியம். கேரள அரசு 2015-இல் கிலோவுக்கு 150 ரூபாய் உறுதி என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. சந்தை விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை அரசு கொடுக்கும். 2021 பட்ஜெட்டில் அது 170 ரூபாயானது. அதே ஆண்டு தேர்தல் அறிக்கையில் இடது முன்னணி அதை 250 ஆக்குவோம் என்றது. வென்றது. 2024-இல் 180. பிறகு 200. இந்த வேகத்தில் 250 வரும்போது 250 ரூபாய்க்கு ஒரு டீயும் வடையும் வாங்கலாம். 2023 மார்ச்சில் தலச்சேரிப் பேராயர் ஜோசப் பாம்பிளானி வேறு ரேட் வைத்தார்: மத்திய அரசு ரப்பருக்கு 300 ரூபாய் கொடுத்தால், கேரளத்தில் பாஜகவுக்கு எம்.பி. இல்லாத குறையைத் தீர்ப்போம் என்ற பொருளில் பேசினார். 2024-இல் திருச்சூரில் எம்.பி. கிடைத்துவிட்டார். 300 ரூபாய் கிடைக்கவில்லை.

இந்தப் பக்கம்? கேரளத் திட்டம் கேரளக்காரனுக்கு மட்டும். 1956 நவம்பர் 1-இல் போட்ட எல்லைக்கோடு மனிதருக்குத் தெரியும், மரத்துக்குத் தெரியாது. அதே மழை, அதே பால், அதே கோட்டயம் விலை. குமரி விவசாயிக்கு ஒவ்வொரு தேர்தலிலும் ரப்பர் தொழிற்சாலை வரும். வாக்குச்சாவடி வரை வரும். எண்ணிக்கை முடிந்ததும் திரும்பிப் போய்விடும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தது. அது மட்டும்தான் சொல்லாமல் வந்து, வந்த வேலையை முடித்துவிட்டுப் போனது. ஒரு ரப்பர் மரம் சாய்ந்தால் புதிதாக வைத்த கன்று பால் தர ஆறேழு வருஷம். அதற்குள் ஒரு சட்டமன்றமும் ஒரு நாடாளுமன்றமும் மாறிவிடும்.

இனி உச்சக்கட்டக் கூத்துக்கு வருவோம்.

தமிழக அரசுக்கே சொந்தமாக ரப்பர் தோட்டம் இருக்கிறது. 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்த தமிழர்களுக்கு வேலை கொடுத்த தோட்டங்கள். 1984-இல் அரசு ரப்பர் கழகம் என்று தனி நிறுவனமே ஆனது. தலைமையகம் நாகர்கோவில். கீரிப்பாறையில், சிற்றாறில், கோதையாறில் விடிகாலையில் அரசாங்கம் பால் வெட்டுகிறது. அதே அரசாங்கத்தின் நெடுஞ்சாலைத் துறை 60,000 கிலோமீட்டருக்கு மேல் சாலையைப் பராமரிக்கிறது. ரப்பரும் அரசுடையது, ரோடும் அரசுடையது, மழையில் கரைகிற பணம் நம்முடையது. தோட்டத்தில் விளைந்த ரப்பர் ஜல்லி பெயர்ந்த சாலையில் குலுங்கிக் குலுங்கிப் போய் விற்பனையாகி, எங்கோ டயராகி, அதே சாலைக்குத் திரும்பி வந்து குழியில் விழுந்து கிழிகிறது. டயர்க்காரனுக்குக் குழியைவிட நல்ல விற்பனைப் பிரதிநிதி உண்டா? சம்பளம் கேட்பதில்லை. இரவிலும் வேலை பார்க்கிறது.

இந்த இரண்டு துறைகளும் ஒரே கொடியின் கீழ்தான் இருக்கின்றன. இரண்டும் எப்போதாவது உட்கார்ந்து பேசியதற்கான தடயத்தைச் சாலையில் தேடிக்கொண்டே போகிறோம். பைக்கில் போகிறவர்கள் கொஞ்சம் கவனமாகத் தேடுங்கள். குழியால் நேர்ந்த விபத்துகளில் 2022-இல் மட்டும் நாடு முழுக்க 1,856 பேர் செத்தார்கள். மத்திய அரசின் சொந்த அறிக்கை சொல்கிறது. செத்தவர்களில் எவரையும் ரப்பர் சாலை பற்றிய அறிவிப்பு காப்பாற்றவில்லை.

ஏன் போடுவதில்லை? விலை அதிகம் என்பார்கள். விலை விழுந்து கிடந்தபோது ஏன் போடவில்லை என்றால், நிதி இல்லை என்பார்கள். நிதி இருந்தபோது, சரக்கு போதுமான அளவு கிடைக்காது என்பார்கள். சரக்கு குடோனில் தேங்கிக் கிடந்தபோது, கலக்க இயந்திரம் இல்லை என்பார்கள். கடைசியில், சோதனைச் சாலை போட்டிருக்கிறோம், முடிவு வரட்டும் என்பார்கள். சோதனைச் சாலை என்பது ஒரு பிரமாதமான கண்டுபிடிப்பு. அதில் சோதிக்கப்படுவது சாலை இல்லை, நம் பொறுமை.

தாரில் எதையாவது கலப்பது அப்படியொன்றும் ராக்கெட் விஷயமில்லை. மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் பிளாஸ்டிக் குப்பையைக் கலந்து சாலை போட்டுக் காட்டினார். 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். குப்பைக்குச் சாலையில் இடம் கிடைத்தது, பாலுக்குக் கிடைக்கவில்லை. இன்னொரு தந்திரமும் உண்டு, ஜாக்கிரதை. கிழிந்த டயரைப் பொடியாக்கிக் கலந்தாலும் விதிப்படி அது ரப்பர் கலந்த தார்தான். சாலைக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் பழைய டயரில் விவசாயிக்கு என்ன வரும்? மேடையில் விவசாயியைக் காட்டிக் கைதட்டல் வாங்கிவிட்டு, ஆலையில் டயர்த் தூளைக் கொட்டினால் அதற்கும் ரப்பர் சாலை என்றுதான் போர்டு வைப்பார்கள். போர்டில் எந்த ரப்பர் என்று எழுத இடமிருக்காது. தலைவர்கள் படமே நிறைய இருக்கும்.

உண்மைக் காரணம் எல்லோருக்கும் தெரியும். யாரும் எழுதுவதில்லை, எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் ஏறாது என்பதால். ஐந்து வருஷம் உழைக்கிற சாலை பத்து வருஷம் உழைத்தால் யாருக்கு நஷ்டம்? எஸ்டிமேட் போடுகிறவருக்கு ஒரு எஸ்டிமேட் குறையும். டெண்டர் எடுக்கிறவருக்கு ஒரு டெண்டர் குறையும். சதவீதம் வாங்குகிறவருக்கு ஒரு சதவீதம் குறையும். பூமி பூஜை போடுகிறவருக்கு ஒரு தேங்காய் குறையும். நம் ஊர்ச் சாலை போடும் பொருளாதாரம் சாலை கெட்டுப்போவதை நம்பித்தான் நிற்கிறது. அதில் கொண்டுபோய், கெடாமல் இருக்க ஒரு வழி இருக்கிறது என்று விவசாயி நீட்டினால் யார் வாங்குவார்கள்?

சந்தேகமிருந்தால் பெரிய மனிதர் வருகைக்கு முந்தின ராத்திரி உங்கள் தெருவில் நின்று பாருங்கள். தூறல் போட்டுக்கொண்டிருக்கும். பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். அதன் மேலேயே கலவையைக் கொட்டுவார்கள். கூட்டுகிற துடைப்பம்கூட வேண்டாம் என்று அவசரம். ரோலர் ஒருமுறை போய்வரும். ஜூனியர் இன்ஜினியர் குடைக்கு அடியில் போனில் இருப்பார். காலையில் கறுப்பாகப் பளபளக்கும். கார் கடந்து போகும். அடுத்த மழைக்கு ஜல்லி தனியாக, தார் தனியாக, வந்த கார் மாதிரியே எல்லாம் அவரவர் வழியில் போயிருக்கும். இந்தக் கலவையில் ரப்பரைப் போட்டால் ரப்பருக்குத்தான் கெட்ட பெயர்.

வெளிநாட்டுக் கதை வேண்டுமா? உலகத்திலேயே அதிக ரப்பர் விளைவிக்கிற நாடு தாய்லாந்து. ராணுவப் புரட்சியில் ஆட்சியைப் பிடித்துப் பிரதமரான பிரயுத் சான்-ஓ-சாவிடம் விவசாயிகள் நல்ல விலை கேட்டபோது, அந்த விலைக்குச் செவ்வாய்க் கிரகத்தில்தான் விற்க வேண்டும் என்றார். விலை இன்னும் சரிந்த பிறகு அவருக்கும் ரப்பர் சாலை ஞானம் வந்தது. ஞானத்தின் வருகைக்கு எல்லை கிடையாது. மலேசியா கொஞ்சம் காரியமாகச் செய்தது. நம்மவர்கள் கித்தாக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், ரத்தம் சிந்திய அதே நாடு. அங்கே ரப்பர் வாரியம், சிறு விவசாயியிடம் மலிவாகக் கிடைக்கிற கோப்பையில் உறைந்த பாலையே, அதாவது நம் ஒட்டுப்பாலையே, தாரில் கலக்கும் முறையை உருவாக்கிச் சாலையில் போட்டுப் பார்த்தது. விலை உயர்ந்த ஷீட்டும் வேண்டாம், அம்மோனியா கலந்த பாலும் வேண்டாம். ஏழை விவசாயி எதைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுகிறானோ அதிலிருந்தே சாலை.

இங்கே நடக்க வேண்டியதும் பெரிய காரியமில்லை. நெடுஞ்சாலைத் துறையின் விலைப்பட்டியலில் இயற்கை ரப்பர் கலந்த தார் என்று ஒரு வரியும், இன்ன சாலைகளுக்கு அது கட்டாயம் என்று ஓர் உத்தரவும் வேண்டும். ரப்பரை ரப்பர் உற்பத்தியாளர் சங்கங்களிடமிருந்தும் அரசு ரப்பர் கழகத்திடமிருந்தும் குறித்த விலைக்கு அரசே வாங்கிக் கான்ட்ராக்டரிடம் கொடுக்க வேண்டும். அவரையே வாங்கச் சொன்னால் ரசீதை மட்டும் கலப்பார். எஸ்டிமேட்டில் ஏறாத எதுவும் இந்த நாட்டில் சாலையில் ஏறியதில்லை. மேடையில் பேசியது எதுவும் எஸ்டிமேட்டில் ஏறியதில்லை.

அதனால் மேடையை விட்டுவிடுங்கள். உங்கள் ஊர் நெடுஞ்சாலைக் கோட்டப் பொறியாளர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். மூன்று கேள்வி போதும். கடந்த ஐந்து வருஷத்தில் இந்தக் கோட்டத்துச் சாலைகளில் கலந்த இயற்கை ரப்பர் எத்தனை கிலோ? யாரிடம் வாங்கினீர்கள்? என்ன விலைக்கு? கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். பூஜ்யம் என்று பதில் வந்தால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். நகல் எடுத்து வையுங்கள். அடுத்து ரப்பர் விலை விழும்போது யாராவது ஒருவர் மைக் பிடிப்பார். அவர் பேசி முடித்ததும் அந்தத் தாளை நீட்டி, கீழே ஒரு கையெழுத்துக் கேளுங்கள்.